‘அஞ்சு லட்சத்துல பழைய வீடு புதுசு!’ - வீடு புதுப்பிக்கும் நிகழ்ச்சிகள் காட்டாத கணக்கு... பவானி மேஸ்திரி பிரித்த பட்ஜெட்!

“ஏங்கண்ணு... நீதான் பத்திரிகையில வேலை பாக்கறயே, இவிங்க அஞ்சு லட்சத்துல எப்படிப் பண்றாங்கன்னு கேட்டுச் சொல்லு பாக்கலாம்!”

பவானியில் இருக்கும் என் பெரியம்மா இப்படிக் கேட்டபோது, அவர் வீட்டுக்குக் கூரையே இல்லை. சித்திரை மாத வெயில் நேராக ஆசாரத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. இறக்கிய ஓடுகள் வாசலில் அடுக்கிக் கிடந்தன. பாத்திரம், பண்டம், பீரோ எல்லாம் பக்கத்துத் தெரு வாடகை வீட்டில். பெரியம்மா கையில் செல்போன். அதில் ஒரு யூடியூப் வீடியோ. ‘அஞ்சே லட்சத்தில் பழைய வீட்டை பங்களாவா மாத்திட்டோம்!’ என்று தலைப்பு. ஒரு பெண் வெள்ளை நிற சமையலறையில் நின்று, இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடிக் காட்டுகிறார். பின்னணியில் புல்லாங்குழல்.

அந்த வீடியோவைப் பெரியம்மா எத்தனை முறை பார்த்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. அதைப் பார்த்துத்தான் பட்ஜெட் போட்டார். சீட்டு எடுத்த பணம் மூன்று லட்சம், பேங்கில் கிடந்த இரண்டு லட்சம், ஆக மொத்தம் ஐந்து. ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் வந்து போவதற்குள் வீட்டை ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று தை மாதம் வேலையை ஆரம்பித்தார். நான் போனபோது கணக்கு நோட்டில் இருந்த தொகை, 8,17,000 ரூபாய். அதில் நான்கு பவுன் வளையல் அடகுக்குப் போன இரண்டு லட்சமும், அண்ணன் திருப்பூரில் கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கி அனுப்பியதும் சேர்த்தி. சமையலறைக்கு இன்னும் கதவு போடவில்லை. மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை.

“என்னைய ஏமாத்திப்போட்டாங்களா, இல்ல எனக்குத்தான் கூறு இல்லையா?” என்று பெரியம்மா கேட்டது சும்மா பேச்சுக்கு அல்ல. அந்தக் கேள்விக்கு பதில் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

தேர்டு அம்பயர் ஆன மேஸ்திரி!

முதலில் நான் கேட்டது வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரியிடம். முப்பது வருடமாக பவானி, குமாரபாளையம், அம்மாபேட்டை என்று சுற்றி வேலை பார்ப்பவர். டீ குடிக்கும் நேரத்தில் அந்த வீடியோவை அவரிடம் போட்டுக் காட்டினேன். கிரிக்கெட்டில் தேர்டு அம்பயர் ரன் அவுட் பார்ப்பதுபோல, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

முதல் நிமிடத்திலேயே நிறுத்தினார். “இந்த ‘முன்னாடி’ படத்தை நல்லாப் பாருங் தங்கச்சி. மேல கான்கிரீட். ஒழுகல் இல்லை. செவுரு நேரா இருக்குது. இது பழைய வீடு இல்லீங்க, பழைய பெயிண்ட்!”

அடுத்து நான்காவது நிமிடம். மாடுலர் கிச்சன் காட்டும்போது ஒரு கம்பெனி பெயர் மூன்று முறை திரையில் வந்து போகிறது, கீழே போன் நம்பரும் ஓடுகிறது. “இது காசு குடுத்துப் போட்டதா இருக்காது. ஓசியிலயோ, அசல் விலைக்கோ போட்டுக் குடுத்திருப்பாங்க. நமக்கு யாருங் அப்படிக் குடுப்பா?”

டைல்ஸ் காட்சிக்கு வந்தார். பழைய தரையைப் பெயர்க்கவே இல்லை, அதன் மேலேயே பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். “தப்பு இல்லீங்க. தரை கெட்டியா இருந்தா ஒட்டலாம். ஆனா அக்கா வீட்டுத் தரையில தறிக்குழி இருந்துச்சே, அதுக்கு என்ன பண்றது?”

பதினோராவது நிமிடத்தில் வீட்டுக்காரர் போகிற போக்கில் ஒன்று சொல்கிறார், “வயரிங் எல்லாம் மச்சானே பாத்துக்கிட்டாரு.” மேஸ்திரி சிரித்துவிட்டார். “மச்சான் எலெக்ட்ரீசியன்! அது ஒரு எழுபதாயிரம் ரூவா மச்சானுங்க!”

கடைசியில் ஹாலைச் சுற்றிக் காட்டும் காட்சி. புது சோபா, புது டி.வி, திரைச்சீலை, தொங்கும் விளக்கு. தலைப்பில் போட்ட ஐந்து லட்சத்தில் இவை சேர்த்தியா என்று வீடியோவில் யாரும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, வீடியோ ஏற்றப்பட்ட தேதியைப் பார்த்தால் மூன்று வருடம் ஆகியிருக்கிறது. அன்றைய கொத்தனார் கூலியும் இன்றைய கூலியும் ஒன்றா?

அதில் ஒரே ஒரு பொய்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த வீட்டுக்காரர் கையை விட்டு உண்மையிலேயே ஐந்து லட்சம்தான் போயிருக்கலாம். சொல்லாமல் விட்டதெல்லாம் சேர்ந்துதான் பெரியம்மாவைக் கவிழ்த்தது.

500 பவுண்டில் ஓர் அறை!

இந்த வித்தையை நம் ஊர் யூடியூபர்கள் கண்டுபிடிக்கவில்லை. டி.வி உலகத்தில் இதற்கு சுமார் முப்பது வயது.

1996-ல் இங்கிலாந்தின் பி.பி.சி-யில் ‘சேஞ்சிங் ரூம்ஸ்’ என்று ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சாவியை மாற்றிக்கொண்டு, ஒருவர் வீட்டு அறையை இன்னொருவர் இரண்டே நாளில் மாற்ற வேண்டும். ஓர் அறைக்கு பட்ஜெட் 500 பவுண்டு. நிகழ்ச்சி பயங்கர ஹிட். 2000-ல் இதே ஐடியா அமெரிக்காவுக்குப் போய் ‘டிரேடிங் ஸ்பேசஸ்’ ஆனது. அங்கே அறைக்கு 1,000 டாலர். 2018-ல் மறுபடி ஆரம்பித்தபோது 2,000 டாலராக ஏற்றினார்கள்.

அந்த 500 பவுண்டும் 1,000 டாலரும் பொருள் வாங்குவதற்கு மட்டும். டிசைனருக்குச் சம்பளம்? டி.வி கொடுக்கும். ஆசாரிக்குக் கூலி? டி.வி கொடுக்கும். பெயின்ட் அடிப்பது? வீட்டுக்காரர்களே. நம் ஊரில் எந்த வீட்டு வேலையிலும் கூலி எவ்வளவு பெரிய பங்கு என்பது ஒரு தடவை செங்கல் வாங்கியவர்களுக்குக்கூடத் தெரியும். அதை முழுசாகத் தூக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் ‘பட்ஜெட்’ என்று சொன்னால் எந்த வீடும் மலிவுதான்.

‘சேஞ்சிங் ரூம்ஸ்’ பற்றிப் பேசினால் தேநீர்க் கெண்டி கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு வீட்டில் பழைமையான பீங்கான் தேநீர்க் கெண்டிகளைச் சேகரித்து வைத்திருந்தார்கள். மதிப்பு சுமார் 6,000 பவுண்டு. அவற்றை அழகாக அடுக்க, மேலிருந்து தொங்கும் ஷெல்ஃப் ஒன்றை அந்த 500 பவுண்டு பட்ஜெட்டுக்குள் செய்தார்கள். ராத்திரி அது அப்படியே இடிந்து விழுந்து, கெண்டிகள் சுக்குநூறாகின. இன்றைக்கும் அந்த நிகழ்ச்சி என்றால் அங்கே பலருக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

முதலில் வீட்டை வாங்கு, அப்புறம் தேடு!

அடுத்த தலைமுறை நிகழ்ச்சிகள் இன்னும் நேர்த்தி. கதை எப்போதும் ஒரே மாதிரிதான். ஆரம்பத்தில் ஒரு தம்பதி, “எங்க பட்ஜெட் இவ்வளவு” என்று ஒரு தொகை சொல்வார்கள். பாதி நிகழ்ச்சியில் சுவரை உடைப்பார்கள், உள்ளே ஒரு பூதம் கிளம்பும். கரையான், பழைய குழாய், பலமில்லாத உத்திரம், ஏதோ ஒன்று. டிசைனர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “இன்னும் இத்தனை ஆயிரம் ஆகும்” என்பார். விளம்பர இடைவேளை. திரும்பி வந்தால், ஆசைப்பட்ட ஒரு விஷயத்தை விட்டுக்கொடுத்து பட்ஜெட்டைச் சரிக்கட்டியிருப்பார்கள். கடைசியில் கண்ணீரும் கட்டிப்பிடிப்பும். மெகா சீரியலில் வெள்ளிக்கிழமை திருப்பம் வருவதுபோல, இதில் நிமிடக் கணக்கு பிசகாமல் பூதம் வரும்.

2012-ல் அமெரிக்காவில் ஒரு குட்டு உடைந்தது. எச்.ஜி.டி.வி சேனலின் ‘ஹவுஸ் ஹன்டர்ஸ்’ நிகழ்ச்சியில் ஒரு குடும்பம் மூன்று வீடுகளைப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அதில் கலந்துகொண்ட ஒரு பெண், தாங்கள் ஏற்கெனவே ஒரு வீட்டை முடித்த பிறகுதான் படப்பிடிப்பே நடந்தது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று ஒதுக்கியதாகக் காட்டிய மற்ற வீடுகள் விற்பனைக்கு வந்தவையே அல்ல, நண்பர்களின் வீடுகள்! பழைய வீட்டை வாடகைக்கு விடப்போகிறோம் என்ற நிஜமான காரணம் சுவாரஸ்யமாக இல்லை என்று, இடம் போதவில்லை என்று சொல்லவைத்தார்களாம். சேனலும், படப்பிடிப்புக்கு நேரம் குறைவு என்பதால் வாங்கும் முயற்சியில் வெகு தூரம் போய்விட்ட குடும்பங்களையே தேர்ந்தெடுக்கிறோம் என்று ஏறக்குறைய ஒப்புக்கொண்டது.

டெக்சாஸ் மாகாணத்தின் வேகோ நகரத்தை உலகப் புகழ் பெறவைத்த ‘ஃபிக்ஸர் அப்பர்’ நிகழ்ச்சியிலும் இதே கதைதான். கலந்துகொண்டவர்களே பிறகு சொன்னது, வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தால்தான் நிகழ்ச்சியிலேயே இடம். கடைசிக் காட்சியில் வீடு முழுக்க அழகழகாக மேஜை, நாற்காலி, கட்டில், பூந்தொட்டி வைத்திருப்பார்கள் இல்லையா? படப்பிடிப்பு முடிந்ததும் அவற்றில் பெரும்பாலானவை லாரி ஏறிவிடும். வேண்டும் என்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கல்யாண மண்டப ரிசப்ஷன் சோபா மாதிரி. போட்டோவில் நம்முடையது, மறுநாள் இன்னொரு ஜோடியுடையது.

யார் காசில் ஷூட்டிங்?

நான் தேடியதில் என்னை நிஜமாகவே நிமிர்ந்து உட்காரவைத்தது ஒரு வழக்கு.

‘லவ் இட் ஆர் லிஸ்ட் இட்’ என்பது கனடாவில் 2008-ல் தொடங்கி, பிறகு அமெரிக்காவிலும் படமாக்கப்பட்ட நிகழ்ச்சி. ஒரு டிசைனர் வீட்டைப் புதுப்பிப்பார், ஒரு ரியல் எஸ்டேட் ஏஜென்ட் வேறு வீடுகளைக் காட்டுவார். கடைசியில் பழைய வீட்டிலேயே இருப்பதா, விற்பதா என்று குடும்பம் முடிவெடுக்க வேண்டும். 2016-ல் வட கரோலினா மாகாணத்தைச் சேர்ந்த ஒரு தம்பதி, இதன் தயாரிப்பு நிறுவனத்தின் மீதும் வேலை செய்த கான்ட்ராக்டர் மீதும் வழக்கு போட்டார்கள்.

அவர்கள் மனுவில் சொன்னது இது. வீட்டு வேலைக்காக 1,40,000 டாலரை தயாரிப்பு நிறுவனத்திடம் கொடுத்தோம் (அன்றைய மதிப்பில் 90 லட்சம் ரூபாய்க்கு மேல்). அதில் சுமார் 85,000 டாலர் மட்டுமே கான்ட்ராக்டருக்குப் போய்ச் சேர்ந்தது. தரையில் ஓட்டைகள் விட்டுப் போனார்கள். ஜன்னல்களைத் திறக்க முடியாதபடி பெயின்ட் அடித்து மூடினார்கள். நிகழ்ச்சியே எழுதி வைத்த கதை, எங்கள் பணம் அதற்கு செட் போடப் பயன்பட்டிருக்கிறது.

இவை அந்தத் தம்பதியின் குற்றச்சாட்டுகள் மட்டுமே. தயாரிப்பு நிறுவனம் இவற்றை மறுத்தது. ஆனால், அந்த மனுவில் இருக்கும் ஒரு விஷயத்தில் சர்ச்சையே இல்லை. வீட்டு வேலைக்கான பணத்தை வீட்டுக்காரர்கள்தான் கொண்டுவந்தார்கள். ‘டி.வி-யில வந்தா வீட்டை ஓசியில கட்டிக் குடுப்பாங்க’ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இதுபோன்ற பல நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ளவே குறைந்தபட்சம் இவ்வளவு பணம் கையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ‘ஃபிக்ஸர் அப்பர்’ கேட்டது 30,000 டாலர்.

சரி, முழுக்க முழுக்க ஓசியிலேயே கட்டிக்கொடுத்த நிகழ்ச்சி இல்லையா? இருந்தது. ஏ.பி.சி சேனலின் ‘எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்’. 2003 முதல் 2012 வரை ஓடியது. நோய், விபத்து, வறுமை என்று கஷ்டப்படும் குடும்பத்தை வெளியூர் அனுப்பிவிட்டு, ஊரே திரண்டு ஒரே வாரத்தில் மாளிகை மாதிரி வீடு கட்டிவைக்கும். திரும்பி வரும் குடும்பத்துக்கு முன்னால் ஒரு பஸ் நிற்கும். ‘பஸ்ஸை நகர்த்து!’ என்று கூட்டம் கத்தும். பஸ் நகர, வீடு தெரியும். நான்கூட யூடியூபில் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறேன்.

பஸ் நகர்ந்த பிறகு என்ன ஆனது? பெரிய வீட்டுக்குப் பெரிய சொத்து வரி. பெரிய கரன்ட் பில். சில குடும்பங்கள் வீட்டை விற்றன. ஜார்ஜியா மாகாணத்தில் 2005-ல் கட்டிக்கொடுத்த ஒரு வீட்டுக்கு வேலை செய்ய வந்த தன்னார்வலர்கள் மட்டும் 1,800 பேர் என்றார்கள். அந்தக் குடும்பம் வீட்டை அடமானம் வைத்து 4,50,000 டாலர் கடன் வாங்கியது. தொழில் படுத்தது. 2008-ல் வீடு ஏலத்துக்கு வந்து நின்றது. கட்டும் செலவை மட்டும்தான் டி.வி ஏற்றுக்கொண்டது. குடியிருக்கும் செலவு அந்தக் குடும்பத்தின் தலையில்.

ஓரளவு நியாயமாக நடந்துகொள்ளும் நிகழ்ச்சி என்று என்னைக் கேட்டால், 1999-லிருந்து இங்கிலாந்தின் சேனல் 4-ல் வரும் ‘கிராண்ட் டிசைன்ஸ்’ஸைச் சொல்வேன். தொகுப்பாளர் கெவின் மெக்லவுட், வேலை ஆரம்பிக்கும்போது பட்ஜெட்டைக் கேட்பார். முடிந்த பிறகு வந்து “எவ்வளவு ஆச்சு?” என்று கேட்பார். பாதிப் பேர் நெளிவார்கள். வருடக்கணக்கில் காத்திருந்து, வேலை நின்றுபோனால் நின்றுபோனதையே காட்டுவார்கள். டெவன் கடற்கரையில் கலங்கரை விளக்கம் மாதிரி ஒரு வீட்டைக் கட்ட ஆரம்பித்த குடும்பத்தின் கதை 2019-ல் வந்தது. பட்ஜெட் பல மடங்கு எகிறி, கடனில் மூழ்கி, கணவனும் மனைவியும் பிரிந்து... ‘இதுவரை வந்ததிலேயே சோகமான எபிசோட்’ என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒரு வாரத்தில் பஸ் நகர்கிற கதையைவிட இது நம் வீட்டுக் கதைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் நம் தமிழ் சினிமாவுக்கு ஒரு சபாஷ். 1988-ல் வந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தை இன்னும் பார்க்காத என் வயதுக்காரர்கள் உடனே பாருங்கள். வேலைக்குப் போகும் ஒரு பெண், தாத்தா, கையில் ஒரு சின்ன மனை. கடன், லஞ்சம், சிமென்ட் திருடும் கான்ட்ராக்டர், கடைசியில் அந்த மனைக்கே வரும் சிக்கல் என்று ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்பதைக் காட்டும் படம். தேசிய விருது வாங்கியது, நடிகை அர்ச்சனாவுக்கும் வாங்கிக்கொடுத்தது. பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே, “ஐயோ, நிறுத்து சாமி, வவுத்தைக் கலக்குது” என்று எழுந்து போய்விட்டார்.

நம் ஊர் ஹோம் டூருக்குச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. நம்மில் பலருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் விதிமுறைகளைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில், சமூக வலைதளப் பிரபலங்களுக்கென்றே தனியாக வழிகாட்டி வெளியிட்டார்கள். ஒரு கம்பெனியிடம் காசோ, இலவசப் பொருளோ, தள்ளுபடியோ வாங்கிக்கொண்டு அதைப் பற்றிப் பேசினால், ‘இது விளம்பரம்’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வீடியோ என்றால் வீடியோவுக்குள்ளேயே சொல்ல வேண்டும், கீழே குறிப்பில் ஒளித்து வைக்கக் கூடாது. தமிழில் பேசினால் தமிழில் சொல்ல வேண்டும். மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பத் திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.

பெரியம்மாவின் அந்த வீடியோவை நான் முழுசாக இரண்டு முறை பார்த்தேன். போன் நம்பர் ஓடுகிறது. ‘விளம்பரம்’ என்ற வார்த்தை எங்கேயும் இல்லை.

இன்னொன்று. வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்கு ‘ரெரா’ சட்டம் கைகொடுக்காது. அது அடுக்குமாடி, மனை விற்பவர்களுக்கானது. சொந்த வீட்டில் கான்ட்ராக்டர் சொதப்பினால் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பவானிக்காரர்களுக்கு ஈரோட்டில் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. பிரச்னை வந்த இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால், அங்கே போய் நிற்க ஒரு காகிதமாவது வேண்டுமே? பெரியம்மாவுக்கும் மேஸ்திரிக்கும் இடையில் இருந்த ஒப்பந்தம், வாய்ப்பேச்சு. அவர் நல்ல மனிதர் என்பதால் பெரியம்மா தப்பித்தார்.

கடன் வாங்கிப் புதுப்பிப்பவர்களுக்கும் ஒரு தகவல். குடியிருக்கும் வீட்டை வாங்கவோ கட்டவோ வாங்கிய கடனின் வட்டிக்கு, பழைய வருமான வரி முறையில் வருடம் இரண்டு லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. அதையே பழுது பார்க்க, புதுப்பிக்க வாங்கினால் வெறும் 30,000 ரூபாய்தான். மாதச் சம்பளக்காரர்கள் இதை நம்பி பட்ஜெட் போட்டுவிடாதீர்கள்.

சுவரில் எழுதிய கணக்கு

மறுபடி பவானிக்கு வருகிறேன். அந்தக் கூடுதல் 3,17,000 எங்கே போனது?

மேஸ்திரி அதைப் பூசாத சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். சுவரில் ஏறியிருந்த ஓதத்தை எடுத்து, பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி, புதிதாகப் பூச 1,10,000. 2018 ஆகஸ்டில் காவிரி கரை மீறி வந்தபோது இந்தத் தெருவில் வாசப்படி வரைக்கும் தண்ணீர். அன்றைக்கு ஏறிய ஈரம் சுவருக்குள்ளேயே இருந்திருக்கிறது. மேலே பெயின்ட் அடித்து அடித்து மறைத்திருக்கிறார்கள். கூரையில் கரையான் தின்ற மரங்களை மாற்ற 95,000. வயரிங் 70,000, நமக்கு எலெக்ட்ரீசியன் மச்சான் இல்லை. நான்கு மாத வாடகை 24,000.

கடைசி வரி, ‘மண், டிராக்டர் - 18,000’. இடித்ததை அள்ளிப்போட்டதும், தறிக்குழியை மூடியதும்.

பெரியப்பா அந்தக் குழித்தறியில்தான் ஜமக்காளம் நெய்தார். இன்றைக்கு எல்லோரும் பவானி ஜமக்காளம், புவிசார் குறியீடு என்று பெருமையாகப் பேசுகிறோம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெரியப்பா இடுப்பு வரை அந்தக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்திருப்பார். நான் மேலே இருந்து நூல் எடுத்துக் கொடுப்பேன். அவர் போய் ஆறு வருடம். தறியை எப்போதோ பிரித்துவிட்டார்கள். குழி மேல் பலகை போட்டு மூடி, அதன் மேல் பீரோ நின்றது. டைல்ஸ் போட வேண்டுமென்றால் குழியை நிரப்பித்தான் ஆக வேண்டும்.

“ஒன்றரை டிராக்டர் மண்ணு குடிச்சுது கண்ணு” என்றார் பெரியம்மா. “அன்னைக்கு மட்டும் நான் வேலை நடக்கற எடத்துக்கு வரலை.”

எந்த நிகழ்ச்சியின் பட்ஜெட்டிலும் இந்த வரி வராது.

மேஸ்திரியிடம், “முன்னாடியே இதெல்லாம் சொல்லியிருக்கலாமே?” என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். பத்திரிகைக்காரத் தோரணை! அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“சொன்னனுங் தங்கச்சி. ஓட்டு வீடு, பிரிச்சாத்தான் தெரியும், கையில ஒரு பங்குக்கு அரைப் பங்கு சேர்த்தி வெச்சுக்கோணும்னு மொத நாளே சொன்னேன். அக்கா போனைக் காட்டி, ‘இவிங்க முடிச்சிருக்காங்களே’ன்னாங்க. அதுக்கு மேல நான் பேசுனா, காசு புடுங்கறதுக்குப் பேசறான்னு ஆயிப்போகும். போன்ல இருக்கறவனுக்கு நான் எப்படிங் போட்டி போடறது?”

எனக்கு பதில் தெரியவில்லை.

அவர் இப்போதெல்லாம் ஒரு வேலை செய்கிறாராம். யாராவது வீடியோவைக் காட்டினால் மறுப்பதில்லை. ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து வீட்டுக்காரர் முன்னாலேயே சுவரில் நாலு இடத்தில், தரையில் இரண்டு இடத்தில் தட்டிப் பெயர்த்துக் காட்டிவிட்டுத்தான் தொகை சொல்கிறார். கூலி எவ்வளவு, பொருள் எவ்வளவு, எது எது இதில் சேராது என்று மூன்றாகப் பிரித்து எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார். பணம் மொத்தமாக வாங்குவதில்லை. கூரை முடிந்தால் இவ்வளவு, பூச்சு முடிந்தால் இவ்வளவு என்று நிலை நிலையாகத்தான். “அக்கா வீட்டுல கத்துக்கிட்டது” என்கிறார்.

பால் காய்ச்சிய அன்று...

வைகாசி கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சினார்கள். ஆடி வந்துவிட்டால் அப்புறம் முடியாதே! நானும் போயிருந்தேன். சமையலறைக்குக் கதவு வந்திருந்தது. வீடியோவில் பார்த்த வெள்ளை நிறம் இல்லை, கைக்கு அடங்கிய விலையில் ஒரு பழுப்பு நிறம். தறிக்குழி இருந்த இடத்தில் டைல்ஸ் பளபளத்தது. பெரியம்மா அந்த இடத்தில் மட்டும் ஒரு பழைய சிவப்புக் கோடு போட்ட ஜமக்காளத்தை விரித்திருந்தார். நோட்டில் தொகை ஒன்பது லட்சத்தைத் தாண்டியிருந்தது. வளையல் இன்னும் திரும்பவில்லை.

சம்பந்தி அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சமையலறை இழுப்பறையை இழுத்துப் பார்த்தார். மேலே அண்ணாந்து பார்த்தார். அவருக்குத் திருப்தி என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“எவ்வளவுங் ஆச்சு?”

பெரியம்மா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

“அஞ்சு லட்சத்துக்குள்ள முடிச்சுப்போட்டமுங்க!”

திண்ணையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மேஸ்திரிக்குப் புரை ஏறிவிட்டது.